ஆப்பிள் கணக்கும் மாந்தோப்பும்

கேள்வி: ஐயா, கிருஷ்ணகிரிப் பக்கம் பர்கூர் அருகே எங்களுக்கு ஆறு ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா நாலு ஏக்கர், மீதியில் செந்தூராவும் நீலமும். அப்பா இருந்தவரை மார்கழிக் கடைசியில் ஒரு மருந்து, தை பதினைந்துக்கு இன்னொன்று, அவ்வளவுதான். இப்போது பூ எப்போது வரும் என்றே பிடிபடவில்லை. 2024 டிசம்பர் புயல் மழைக்குப் பிறகு பூ மூன்று தவணையாக வந்தது. மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். 'டிகிரி நாள்' என்று ஒரு கணக்கைத் தேடிப் பிடித்து எக்செல்லில் போட்டாள். அடிப்படை வெப்பம் 10, மேல்வரம்பு 31, ஜனவரி 1 முதல் கூட்டிக்கொண்டே வந்து 139 ஆனதும் மருந்து என்றாள். ஜனவரி 11-லேயே ஆகிவிட்டது. அடித்தோம். மரத்தில் பூவே இல்லை. பிப்ரவரிக் கடைசியில் தத்துப்பூச்சி ஏறி இலையெல்லாம் கரி பிடித்தது. ஜூனில் நீலத்தில் பாதிப் பழம் புழு. கணக்கு தப்பா, காலம் தப்பா? வெயில் ஏறிக்கொண்டே போகும்போது பூச்சி வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா? கிணற்றடியில் நாலைந்து கொய்யா மரம் இருக்கிறது. பழ ஈ அதனால்தான் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். வெட்டிவிடலாமா?

பதில்: உங்கள் மகளைத் திட்டியிருந்தால் முதலில் சமாதானம் ஆகிவிடுங்கள். அவர் போட்ட கூட்டலில் பிழை இல்லை. 10, 31, 139 என்ற மூன்று எண்களைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவை மாந்தோப்புக்கு உரியவையே அல்ல. ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் எண்கள் அவை. நம் நாட்டில் அந்தப் பூச்சி லடாக்கில் உண்டு, பர்கூரில் கிடையாது. இல்லாத பூச்சிக்கு நீங்கள் மருந்தடித்திருக்கிறீர்கள். அதுவும் கூட்டல் பிசகாமல்!

அந்தக் கணக்கின் பிறப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால், எதை அதனிடம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தானாக விளங்கும். பூச்சிக்கு உடல் சூடு சொந்தமாகக் கிடையாது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடோ அந்த வேகத்தில்தான் முட்டை பொரியும், புழு வளரும். ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும்; அதுதான் அடிப்படை வெப்பம். அதற்கு மேலே ஒவ்வொரு நாளும் கிடைக்கும் சூட்டைச் சேமித்துக்கொண்டே வந்து, ஒரு தொகை சேர்ந்ததும் அடுத்த கட்டத்துக்குப் போகும். அன்றாட வெப்பத்தைக் கூட்டிப் பயிரின் வளர்ச்சியைக் கணிக்கலாம் என்பதை பிரான்சில் ரியோமர் என்ற அறிவியலாளர் 1735-லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவின் மிச்சிகனில் 1970-களில் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆப்பிள் தோட்டங்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அங்கே அது அழகாக வேலை செய்தது, இன்றும் செய்கிறது. பொறியில் அந்துப்பூச்சி தொடர்ந்து விழத் தொடங்கும் நாளைத் தொடக்கமாக வைத்து, அதிலிருந்து 139 டிகிரி நாள் சேர்ந்தால் முட்டை பொரியத் தொடங்கும். 139 என்பது அதுதான்.

அங்கே ஏன் வேலை செய்கிறது? குளிர்காலம் முழுக்க அந்தப் புழு மரப்பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடக்கிறது. எல்லாப் புழுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழிக்கிறது. விழித்ததும் அதைத் தடுத்து வைத்திருப்பது குளிர் ஒன்றுதான். ஆகவே சூட்டை அளந்தால் பூச்சியை அளந்தமாதிரி.

இப்போது வெயில் ஏறுவதற்கு வருவோம். ஆப்பிள் நாட்டில் வசந்தகாலத்தில் சராசரி 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை 10 போனால் நாளொன்றுக்குச் சேமிப்பு 2. 139 சேர 70 நாள் ஆகும். ஒரே ஒரு டிகிரி கூடி 13 ஆனால் சேமிப்பு 3. 46 நாளில் முடிந்துவிடும். ஒரு டிகிரிக்கு மூன்று வாரத்துக்கு மேல் முந்துகிறது! பருவநிலை மாறும்போது அவர்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது.

நம் தோட்டத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம், இந்த முறை சரியான பூச்சிக்கு. பழ ஈயை எடுத்துக்கொள்கிறேன், அதன் எண்கள் நன்றாகத் தெரிந்தவை. கென்யாவில் 2003-ல் ஒரு பழ ஈ புதிதாகத் தென்பட்டது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அதைப் பல வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். முட்டையிலிருந்து ஈ ஆக 15 டிகிரியில் 75 நாளுக்கு மேல் ஆனது. 20-ல் 31 நாள். 30-ல் 18 நாளுக்குள் முடிந்தது. 35-லேயே வைத்திருந்தபோது ஒரு ஈகூட வெளிவரவில்லை. அந்த ஈயும் நம் மாமரத்து ஈயும் ஒரே இனம்தான் என்று 2015-ல் முடிவானது. இந்த எண்களிலிருந்து அடிப்படை வெப்பம் ஏறக்குறைய 9, மொத்தத் தேவை ஏறக்குறைய 375 டிகிரி நாள் என்று கிடைக்கிறது.

சித்திரையில் பகல் 37, இரவு 24 என்றால் சராசரி 30.5. அதில் 9 போனால் 21.5. 375-ஐ அதால் வகுத்தால் பதினேழரை நாள். ஒரு டிகிரி கூட்டுங்கள், 22.5. பதினாறேமுக்கால் நாள். வித்தியாசம் ஒரு நாள்கூட இல்லை.

மகளிடம் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிள் நாட்டில் ஒரு டிகிரி மூன்று வாரத்தைத் தின்றது. உங்கள் தோட்டத்தில் முக்கால் நாளைத் தின்றது. நம் பூச்சிக்குச் சூடு எப்போதுமே தாராளமாகக் கிடைக்கிறது, அதனால் கொஞ்சம் கூடினாலும் அதற்குப் பெரிய லாபம் இல்லை. அப்படியென்றால் பருவநிலை மாற்றம் உங்களைத் தொடவில்லையா? தொட்டிருக்கிறது, ஆனால் மரத்தின் வழியாக. பூ மூன்று தவணையாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

மா பூப்பதற்கு முற்றிய கிளை வேண்டும், மண் ஓரளவு காய வேண்டும், இரவுக் குளிர் சில வாரமாவது நிலைக்க வேண்டும். ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த ஈரத்தில் மரம் பூ எடுக்குமா, கொழுந்து விடுமா? பாதிக் கிளை கொழுந்து விட்டது, மீதி காத்திருந்தது. கொழுந்து முற்றிய கிளைகள் பிறகு பூத்தன. இரவுகள் கதகதப்பாகவே கழியும் மார்கழியிலும் இதே கதைதான். பூ ஒருமிக்க வராமல் திட்டுத்திட்டாக வரும். பேக்லோபியூட்ரசால் என்ற வளர்ச்சி அடக்கி மருந்தை ஊற்றிப் பூவை முன்னே இழுக்கும் தோட்டம் பக்கத்தில் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே பெருகிய பூச்சி, அங்கே பூ முடிந்ததும் உங்கள் மரத்துக்கு வரும்.

தத்துப்பூச்சிக்கு இது கொண்டாட்டம். வருடம் முழுவதும் அது உங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது, மரப்பட்டை வெடிப்பில் ஒண்டிக்கொண்டு. பூத்தண்டு நீளும் வாசம் பட்டதும் ஏறும். இளம் பூத்தண்டுக்குள் முட்டையைச் செருகும். ஒரு வாரத்துக்குள் பொரியும். குஞ்சுகள் சாறுறிஞ்சி, இனிப்பாக வடிக்கும் கழிவின் மேல்தான் நீங்கள் பார்த்த கரும்பூசணம் படர்கிறது. முட்டையிலிருந்து முட்டை வரை இரண்டு மூன்று வாரம். அப்பா காலத்தில் பூ இருபது நாளில் வந்து முடிந்துவிடும். ஒரு தலைமுறை பெருகும்போதே உணவு தீர்ந்துவிடும். இப்போது ஜனவரிக் கடைசியில் ஒரு பூ, பிப்ரவரி நடுவில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. முதல் பூவில் பிறந்தது இரண்டாவது பூவில் முட்டையிடுகிறது, அதன் பிள்ளைகள் மூன்றாவதில். பிப்ரவரிக் கடைசியில் அது 'திடீரென்று' வந்ததாக உங்களுக்குத் தோன்றியது. நான் பந்தயம் கட்டுவேன், முதல் தவணைப் பூவிலேயே அது இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஆகவே தத்துப்பூச்சிக்கு ஜனவரி 1 தொடக்கம் அல்ல. உங்கள் மரத்தில் பூமொட்டு உடைந்து தண்டு விரலளவு நீளும் நாள்தான் தொடக்கம். மார்கழி பிறந்ததும் வாரம் ஒருமுறை காலையில், வெயில் ஏறுமுன், ஒரு சுற்றுப் போங்கள். ஏக்கருக்கு நாலைந்து மரத்தின் அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். தத்தித் தத்திப் பறந்தால் வீட்டில் விருந்தாளி தயாராக இருக்கிறார் என்று அர்த்தம். பூத்தண்டு வந்தபின், நாலு திசையிலும் ஒவ்வொரு பூங்கொத்தை எடுத்து எண்ணுங்கள். கொத்துக்கு நாலைந்தைத் தாண்டினால் மருந்துக்கு வேலை இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் காசை மிச்சப்படுத்துங்கள். பெங்களூரா போன வருடங்களில் விற்ற விலைக்கு ஒவ்வொரு தெளிப்பும் கணக்குப் பார்க்க வேண்டிய செலவுதான்.

பூ மலர்ந்திருக்கும்போது மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள். மாவுக்கு மகரந்தம் சுமப்பதில் பெரும்பங்கு சாதாரண ஈக்களுக்கு, பிறகு தேனீக்களுக்கு. அவற்றைக் கொன்றுவிட்டுப் பூ கொட்டுகிறது என்று வருந்திப் பயனில்லை. தண்டு நீளும்போது ஒன்று, தேவைப்பட்டால் பிஞ்சு பிடித்தபின் ஒன்று. இரண்டுக்கும் ஒரே ரக மருந்து வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள், கடைக்காரரிடம் அல்ல. மூன்று தவணைப் பூவுக்கு மூன்று முறை தோட்டம் முழுவதும் அடிக்க வேண்டும் என்பதும் இல்லை. பூத்த மரத்துக்கு ஒரு சாயப் பட்டை கட்டி வையுங்கள். முதல் தவணைக்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள் என்று. அந்த அந்த மரத்துக்கு அதன் நாளில் கவனம். வேலை கூடத்தான் செய்யும்.

இலைப்பேனையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம். பூங்கொத்தை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினால் மஞ்சள் துரும்புபோல் ஓடும். மழையில்லாமல் வெயில் மட்டும் காயும் நாட்களில் மளமளவென்று ஏறும். கிருஷ்ணகிரிப் பக்கம் அண்மை ஆண்டுகளில் இது தத்துப்பூச்சிக்குப் போட்டியாகிவிட்டது.

கொட்டை வண்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பெங்களூரா நாலு ஏக்கர் வைத்திருப்பவர் கேட்காமல் இருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரே தலைமுறை. கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருக்கும்போது தோலில் முட்டை வைக்கும். புழு கொட்டைக்குள் போய்விடும், வெளியே தடம் தெரியாது. இதற்கு டிகிரி நாள் போடுவது வீண். பிஞ்சின் அளவுதான் நாள்காட்டி. போன வருடக் கொட்டைகளையும் உதிர்ந்த பிஞ்சுகளையும் தோட்டத்தில் விட்டு வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பழ ஈக்குத்தான் உங்கள் மகளின் எக்செல் உண்மையில் உதவும். எண்களை மாற்றிக்கொள்ளட்டும், அடிப்படை 9, தேவை 375. மேல்வரம்பும் வேண்டும். 40 டிகிரிப் பகலில் சராசரிச் சூத்திரம் ஏமாற்றும், பூச்சி படுவேகமாக வளர்கிறது என்று காட்டும். உண்மையில் அந்த நேரத்தில் அது திணறிக்கொண்டிருக்கும். 33-க்கு மேல் எவ்வளவு ஏறினாலும் 33 என்றே நான் போடுவேன். பகல் 40, இரவு 26 என்றால் வெறும் சராசரியில் 24 சேரும், வரம்பு வைத்தால் 20.5. ஒரு மாதத்தில் அது நூறு டிகிரி நாளுக்கு மேல் வித்தியாசம்.

தொடக்கம் எது? இங்கே குளிர்கால உறக்கம் கிடையாது. தைக்குளிரிலும், பகல் 29, இரவு 17 என்றால்கூட நாளுக்கு 14 சேர்ந்துகொண்டுதான் இருக்கும். வருடம் முழுக்க எங்கோ ஒரு பழத்தில் அது இருக்கிறது, தலைமுறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அதனால் 'முதல் ஈ வந்த நாள்' என்று ஒன்று இல்லை. ஆனால் 'முதல் புழுப்பழம் விழுந்த நாள்' உண்டு. உங்கள் தோட்டத்தில் செந்தூரா முந்திப் பழுக்கும், நீலம் கடைசி. மே முதல் வாரத்தில் செந்தூராப் பழம் ஒன்று புழுவோடு கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி எட்டுப் பத்து நாளில் ஈயாக வெளிவரும். முட்டையிடும் பருவம் எய்த இன்னும் ஒரு வாரம் பத்து நாள். மே கடைசியில் முட்டை வைக்கும். அந்த முட்டையிலிருந்து அடுத்த ஈ வர 19 நாள் போல, ஜூன் மூன்றாம் வாரம். அப்போது மரத்தில் என்ன இருக்கிறது? நீலம். ஜூனில் பாதிப் பழம் புழுவான கதை மே முதல் வாரத்தில் குனிந்து எடுக்காத பழத்தில் தொடங்கியிருக்கிறது.

எனவே மகள் கூட்டத் தொடங்க வேண்டிய நாள் அந்த முதல் புழுப்பழம். அன்றிலிருந்து எண்ணினால் ஆபத்தான வாரம் எது என்று இரண்டு மூன்று நாள் பிசகோடு சொல்லிவிடலாம். நீலத்தை முற்றிய காயாகவே பறிக்க ஆள் சொல்வதற்கும் அந்தத் தேதி உதவும். கூடவே ஈயை வாசத்தால் இழுக்கும் மீதைல் யூஜினால் பொறி இரண்டு மூன்று கட்டி வாரம் ஒருமுறை எண்ணுங்கள். அதில் ஆண் ஈ மட்டும்தான் விழும், முட்டை வைப்பது பெண். ஆகவே எண்ணிக்கையைவிட அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே உங்களுக்குச் செய்தி. கோடை மழை ஒன்று பெய்து மண் நனைந்த மறுவாரம் பொறியைத் தவறாமல் பாருங்கள். உதிர்ந்த பழத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியில் புதையுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் அங்கேயே பொரித்து வரும்.

வெப்பத்தை எங்கே அளப்பது என்பதில் நான் சூடுபட்டவன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துக்கு மருந்துத் தேதி குறித்துக் கொடுத்தேன். அளவு நகரத்து நிலையத்தினுடையது. தோட்டம் மலையடிவாரத்தில், இரவு இரண்டு மூன்று டிகிரி குறைவு. என் தேதியில் அடித்தவர்கள் எல்லாரும் முந்திவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், 'பூவே இன்னும் கண்ணு தொறக்கல, என்னத்துக்கு தம்பி மருந்து?' என்று அடிக்காமல் இருந்தார். அந்த வருடம் அவர் தோட்டம்தான் தப்பியது. அன்றிலிருந்து கடன் வாங்கிய வெப்பத்தை நான் நம்புவதில்லை. அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கி, தோட்டத்துக்குள்ளேயே நிழலில், ஆள் உயரத்தில் மாட்டுங்கள். தினம் காலை ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும். வரப்போகும் ஐந்து நாளுக்கு 'மேகதூத்' செயலி போதும். வானிலைத் துறையின் வேளாண் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது, அதையும் பாருங்கள். ஐந்து நாளைத் தாண்டிய ஊகத்தை வைத்து மருந்து கலக்காதீர்கள்.

முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டீர்கள். அடுத்த தையில் தத்துப்பூச்சி எந்தத் தேதியில் வரும் என்று இன்றைக்கு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பூ தெரிந்தால் பூச்சி இரண்டு மூன்று வாரத்துக்கு முன்னால் தெரியும். முதல் பழம் விழுந்தால் ஆறேழு வாரத்துக்கு முன்னால் தெரியும். உங்களுக்கு ஆள் சொல்ல, மருந்து வாங்க, பறிப்பைத் தள்ளவோ முந்தவோ அந்த அவகாசம் போதும். எக்செல்லில் வெப்பத்துக்கு இரண்டு பத்தி இருக்கட்டும். 'பூ எந்த நிலை', 'பிஞ்சு எந்த அளவு', 'மழை', 'பொறியில் எத்தனை' என்று இன்னும் நாலு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்தாறு வருடம் இப்படி எழுதினால், வேறு எந்த நாட்டுச் சூத்திரத்தையும் விட உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு அவர் கையில் இருக்கும்.

கொய்யாவை வெட்ட வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மாங்காய் இல்லாத மாதங்களில் பழ ஈ அங்கேதான் குடியிருக்கும். நீங்கள் வெட்டினால் அது அவர் வீட்டுக் கொய்யாவுக்குப் போகும், அவ்வளவுதான். விழுந்த கொய்யாவைத் தினம் பொறுக்கிவிடுங்கள். மூன்று பொறியில் ஒன்றை அங்கேயே கட்டுங்கள். மார்கழியிலிருந்து அந்தப் பொறியை எண்ணி வந்தால், செந்தூரா பழுக்கும் முன்பே இந்த வருடம் ஈ அதிகமா, குறைவா என்பது தெரியத் தொடங்கும்.